நாங்கள் கழுவிக் கொட்டியது

புக்கிட் பாஞ்சாங், சிங்கப்பூர்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அனுவுக்கு,

அக்கா தாரணி எழுதுகிறேன். உறையின் மேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். படிக்காமல் கிழித்துப் போடத் தோன்றினால் கிழித்துப் போடு. ஆனால் இதோடு மடித்து வைத்திருக்கும் ஆங்கிலக் காகிதத்தை மட்டும் தனியே எடுத்துக்கொள். அதை இந்த வாரமே உன் டாக்டரிடம் காட்ட வேண்டும். தள்ளிப் போடாதே.

நலமா என்று கேட்கும் உரிமையை நான் ஒன்பது வருடங்களுக்கு முன்பே இழந்துவிட்டேன். இருந்தாலும் கேட்கிறேன். நீயும் ஷங்கரும் நலமா? அங்கே கிறைஸ்ட்சர்ச்சில் இப்போது வெயில் காலம் என்று அம்மா சொன்னார். பதிமூன்று வாரம் என்றும் சொன்னார். சொல்லும்போதே அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. என் முன்னால் சந்தோஷப்படலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை.

கைபேசியில் என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். அதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் வரவில்லை. உன்னிடம் சொல்லச் சொல்லி அம்மாவிடம் கேட்டேன். "மாசமா இருக்கிற புள்ளகிட்ட இதையெல்லாமா பேசுவாங்க? வாய மூடிக்கிட்டு இரு" என்றார். அதனால்தான் இந்தப் பதிவுத் தபால்.

விஷயம் இதுதான். என் பிள்ளை நிதீஷ் நான்கு வயதில் எதனால் இறந்தான் என்று தெரிந்துவிட்டது.

அன்றைக்கு மருத்துவமனையில், ஏதோ வைரஸ் இதயத்தைத் தாக்கியிருக்கலாம் என்றார்கள். உறுதியாக யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பின்னாளில் புதிய சோதனை ஏதாவது வந்தால் உதவும் என்று அவனுடைய தோலில் ஒரு சிறு துண்டை எடுத்து உறைய வைக்க அனுமதி கேட்டார்கள். உன் அத்தான்தான் கையெழுத்துப் போட்டார். நான் அதைக் கவனிக்கவில்லை. நான் அப்போது உன்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அந்த மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். அவனுடைய மரபணுவை மறுபடி படித்ததில் ஓர் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அது தீங்கானதா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை என்றார்கள். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அவனுடைய செல்களில் ஒரு குறிப்பிட்ட கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்ப்பது. அந்த அளவை எடுக்கும் கருவி நான் வேலை செய்யும் ஆய்வகத்திலேயே, என் மேசையிலிருந்து இரண்டு கதவு தள்ளி இருந்தது.

நான் அங்கே என்ன செய்கிறேன் என்று உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. இப்போது சொன்னால்தான் மற்றது புரியும். நம் செல் ஒவ்வொன்றுக்குள்ளும் சக்தி தயாரிக்கும் சின்னச் சின்ன அறைகள் உண்டு. அந்த அறையின் சுவர் கொழுப்பால் ஆனது. மிக மெல்லிய சவ்வு. நாம் இழுக்கும் மூச்சை உடம்புக்கான சக்தியாக மாற்றும் நொதிகள், அதுதான் என்சைம்கள், அந்தக் கொழுப்புக்குள் முங்கியபடி உட்கார்ந்திருக்கும். என் வேலை, ஆட்டு இதயத்தை அரைத்து, சோப்பு மாதிரியான ஒரு திரவத்தால் கொழுப்பைக் கரைத்து, நொதியை மட்டும் தனியே பிரித்தெடுப்பது. இதயங்களை சனிக்கிழமை காலையில் தேக்கா சந்தையில் அப்துல் ஹமீது பாய் கடையில் வாங்குவேன். "டீச்சர், இன்னிக்கு எத்தன?" என்று கேட்பார். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுக்கிறேன் என்று அவருக்கு நினைப்பு. நானும் திருத்தியதில்லை.

பதினொரு வருடம் இதைச் செய்தேன் அனு. எவ்வளவு சுத்தமாக எடுக்கிறேனோ அவ்வளவு மந்தமாகிவிடும் அந்த நொதி. என் கை போதவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை கழுவுவேன். கழுவிய தண்ணீரைக் கழிவுப் பாட்டிலில் ஊற்றிவிடுவேன். இரண்டு வருடத்துக்கு முன் யும்னா என்று ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். கொழுப்புகளைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. ஒருநாள் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "அக்கா, நீங்க நல்லதத்தான் கொட்டிக்கிட்டு இருக்கீங்க லா" என்றாள். பாட்டிலில் கிடந்ததிலிருந்து ஒரு கொழுப்பைப் பிரித்து, ஒரு துளியை என் நொதியோடு சேர்த்தாள். சோம்பிக் கிடந்த நொதி எழுந்து வேலை செய்தது. கார்டியோலிப்பின் என்று அதற்குப் பெயர். மற்றக் கொழுப்புகளுக்கு இரண்டு வால் என்றால் இதற்கு நான்கு. நொதியின் மடிப்புகளுக்குள் புகுந்து அதைச் சரியான வடிவத்தில் தாங்கிப் பிடிப்பது அதுதான். அது இல்லாவிட்டால் நொதி இருந்தும் பயனில்லை.

மருத்துவமனை கேட்டது அதே கொழுப்பைத்தான்.

நான் அந்தச் சோதனையைத் தொடக் கூடாது என்று விதி. யும்னாதான் செய்தாள். உறைந்திருந்த செல்களை எழுப்பி, முப்பத்தேழு டிகிரி சூட்டுப் பெட்டியில் வைத்து வளர்த்தாள். ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், எல்லாரும் கீழே போயிருந்தபோது, "பாக்கணுமா அக்கா?" என்று கேட்டாள். நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தேன். நீள நீளமாக, ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கும் மீன்குஞ்சுகள் மாதிரி இருந்தன. உயிரோடு இருந்தன. அவனை மண்டாய் தகனச்சாலையில் எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்தோம். இங்கே அவனுடைய தோல் வளர்ந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து அந்த அறையைத் தாண்டும்போது கால் தானாக நின்றுவிடும். மூன்று நாளைக்கு ஒரு முறை யும்னா அவற்றுக்கு உணவுத் திரவம் மாற்றுவாள். அவள் விடுப்பில் போன வாரம் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பசிக்குமே, பசிக்குமே என்று மனம் அடித்துக்கொண்டது. பைத்தியக்காரத்தனம்தான். உன்னிடம் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

முடிவு வந்தது. நான்கு வால் கொழுப்பு அவனிடம் அநேகமாக இல்லை. அதற்குப் பதிலாக மூன்று வாலோடு அரைகுறையாக நின்றுபோன ஒன்று நிறைய இருந்தது. நொதிகளின் எண்ணிக்கையில் குறைவில்லை. அவை உட்கார வேண்டிய சவ்வில்தான் கோளாறு. ஆக்சிஜனை அளக்கும் கருவியில் வைத்துக் காட்டினாள். நொதி வேலை செய்தால் திரையில் ஓடும் கோடு கீழே இறங்க வேண்டும். அவனுடையது கிட்டத்தட்டப் படுத்தே கிடந்தது. பிறகு அந்தக் கொழுப்பை ஒரு துளி சேர்த்தாள். கோடு சாய்ந்தது. முழுதாக இல்லை, ஆனாலும் சாய்ந்தது. என் குழந்தையின் நொதி என் கண்முன்னே மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது.

இப்போது எல்லாம் புரிகிறது. அவன் ஏன் நாலு எட்டு வைத்ததும் நடைபாதையில் உட்கார்ந்துவிடுவான், ஏன் மாசம் தவறாமல் வாயில் புண் வரும், ஏன் ஊறுகாயையும் இக்கான் பிலிஸ் நெத்திலிக் கருவாட்டையும் மட்டும் கேட்பான், ஏன் பாலர் பள்ளியில் அவனைவிடச் சின்னப் பிள்ளைகள்கூட அவனைவிட உயரமாக இருந்தார்கள். நாம் சோம்பேறி என்று சொல்லிச் சிரித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அவன் இதயத்துக்கும் காலுக்கும் சக்தி போய்ச் சேரவே இல்லை.

ஆகவே அனு, எல்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வரும் வழியில் அவன் உன்னைத் தூக்கச் சொன்னதும், "பெரிய பையன் லா நீ, நடந்து வா" என்று நீ சொன்னதும், அவன் நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வந்து படுத்ததும், எதுவும் காரணம் இல்லை. நீ அழுதுகொண்டே என்னிடம் சொன்னதை வைத்தே உன்னை வெட்டினேன். "நீ தூக்கியிருந்தா அவன் செத்திருக்க மாட்டான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். மண்டாய்க்கு உன்னை வரவிடவில்லை. டாக்டர் சொல்கிறார், அந்த இதயம் அன்று தூக்கத்தில்கூட நின்றிருக்கலாம் என்று. யாருடைய தவறும் இல்லை. என்னை மன்னித்துவிடு.

இப்போது உன் விஷயம். இந்தக் கோளாறு தாய் வழியாக மகன்களுக்கு வருவது. பெண்களுக்கு அந்த மரபணு இரண்டு இருப்பதால் ஒன்று கெட்டாலும் இன்னொன்று காப்பாற்றிவிடும். ஆண் பிள்ளைக்கு ஒன்றுதான். எனக்கு இருக்கிறது, அதனால் அவனுக்கு வந்தது. போன மாதம் அம்மாவையும் கூட்டிப் போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். அவருக்கும் இருக்கிறது.

முடிவைக் கேட்டுவிட்டு அம்மா கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, எனக்கு முன்னால் ஓர் ஆண் பிள்ளை பதினொரு மாதத்தில் போனதையும், நமக்கு நடுவில் ஒன்று மூன்று வாரத்தில் போனதையும் சொன்னார். முதல் பிள்ளையைப் பற்றித்தான் நமக்குத் தெரியும். இரண்டாவதைப் பற்றி இதுவரை மூச்சுவிட்டதில்லை. "ஆம்பளப் புள்ளைய முழுங்குற வயிறுன்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான்னு இருந்துட்டேன்" என்றார். நான் மருத்துவமனை வராந்தாவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வரவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மறந்துவிடு. வந்திருந்து, வயிற்றில் இருப்பது ஆண் என்றால், முன்கூட்டியே தெரிந்தால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. காகிதத்தில் மரபணுவின் பெயரும், மாறிய இடமும், டாக்டரின் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. என்மேல் இருக்கும் கோபத்தை இதில் காட்டாதே.

அத்தான் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில்தான் இன்னும் இருக்கிறார். நலம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும்.

இங்ஙனம்,
உன் அக்கா
தாரணி


புக்கிட் பாஞ்சாங்
23 மார்ச் 2025

அன்புள்ள அனு,

நீ அம்மாவின் கைபேசிக்கு அனுப்பியதை அம்மா என்னிடம் நீட்டினார். அதை அப்படியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

"ரத்தம் கொடுத்துட்டேன். எனக்கும் இருக்கு. பையன்தான். அவனுக்கும் இருக்கு. அக்காகிட்ட ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. அன்னிக்குக் காலையில நான் வந்தப்ப நிதீஷ் தலையெல்லாம் ஈரமா இருந்துச்சு. குளிச்சியாடான்னு கேட்டேன், இல்லன்னான். வேற ஒண்ணும் சொல்லல. கை ஜில்லுன்னு இருந்துச்சு. அவன் நல்லாத்தான் இருந்தானா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் கைபேசியை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். பதிலை உனக்குத்தான் சொல்கிறேன்.

இல்லை அனு. அவன் நன்றாக இல்லை.

காலை ஆறரைக்கு ஒரு முறை வாந்தி எடுத்தான். ஏழேகாலுக்கு மறுபடியும். இரண்டாவது முறை வெறும் தண்ணீர்தான். நெற்றியில் வேர்த்துக்கொண்டே இருந்தது, தொட்டால் குளிர்ந்தது. அன்று சனிக்கிழமை. அவனை உன்னிடம் விட்டுவிட்டு நான் எட்டு மணிக்குத் தேக்காவில் இருக்க வேண்டும். இதயங்களை வாங்கினால் அன்றே ஆரம்பித்தாக வேண்டும், இல்லையென்றால் இரண்டு வார வேலை வீண். புதிய பேராசிரியர் வந்திருந்தார். அந்த ஒரு நாள் எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது.

அவன் என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இன்னிக்கு ஆபீஸ் வேணாம் லா" என்றான். நான் அவன் தலையையும் கழுத்தையும் ஈரத்துணியால் துடைத்தேன். சட்டையைக் கழற்றி வாஷிங் மெஷினில் போட்டேன். வேறு சட்டை மாட்டினேன். உன்னிடம் சொன்னால் உடனே கிளினிக்குக்குக் கொண்டுபோ என்பாய், நானும் போக வேண்டிவரும் என்று தெரியும். அதனால் அவன் முன்னால் குனிந்து சொன்னேன். "வாந்தி எடுத்தேன்னு சித்திகிட்ட சொல்லாத. சொன்னா வெளிய கூட்டிட்டுப் போக மாட்டாங்க." அவன் தலையாட்டினான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். உடம்பு சரியில்லை என்று உன்னிடம் சொல்லவே இல்லை. தூக்கு என்று மட்டும்தான் கேட்டான்.

மருத்துவமனையில் நீ ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டு, தூக்காமல் நடக்க வைத்துவிட்டேன் அக்கா என்று அழுதபோது, எனக்குள் முதலில் வந்தது துக்கம் இல்லை. ஒரு நிம்மதி வந்தது. இவள்மேல் போட்டுவிடலாம் என்று. அந்த ஒரு நொடியை நான் இத்தனை வருடமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்ஆர்டி கதவு மூடும் சத்தம் கேட்டாலும், சீருடை போட்ட உயர்நிலைப் பள்ளிப் பையன்கள் மின்தூக்கியில் என்னோடு ஏறினாலும், அதே நொடி வந்து நிற்கும். இருந்திருந்தால் அவனுக்கும் பதின்மூன்று.

போன கடிதத்தில் யாருடைய தவறும் இல்லை என்று எழுதினேன். அது உனக்காக எழுதியதுபோல் இருந்தாலும் எனக்காக எழுதியதுதான். கொழுப்புமேல் பழியைப் போட்டுவிட்டால் நான் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா? நோய் உண்மை. அளவுகள் உண்மை. நீ தூக்கியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னதும் உண்மை. ஆனால் காலையில் வாந்தி எடுத்ததை நான் அவரிடம் அப்போது சொல்லவில்லை. உன் செய்தி வந்த மறுநாள் போய்ச் சொன்னேன். குழந்தைகளுக்கு இதயம் தளரும்போது வாந்தியும் குளிர்ந்த வேர்வையும் வரும் என்றார். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். தெரியாது என்றார். ஒருவேளை, என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் மேசையில் இருந்த பேனாவை எடுத்து வைத்தார்.

உனக்கு எழுதுவதற்கு முன் அத்தானிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எனக்குத் தெரியும். அந்தச் சட்டைய மெஷின்லேர்ந்து எடுத்துக் காயப் போட்டது நான்தான். நீ சோப்புப் போட மறந்துட்ட. வாடை போகல" என்றார். அவ்வளவுதான். எழுந்துபோய்த் தட்டுகளைக் கழுவினார்.

அவனை அனுப்பிவிட்டு வந்த அந்த வாரமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீ ஊரைவிட்டுப் போகும்போதும் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "சொன்னா நீயும் போயிருவ, வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க" என்றார். இத்தனை வருடம் இரவு ஷிப்டையே ஏன் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நான் தூங்கும்போது அவர் வீட்டில் இருக்க விரும்பவில்லை.

இனி உன் பிள்ளையைப் பற்றி. டாக்டர்கள் உன்னிடம் எல்லா வழிகளையும் சொல்லியிருப்பார்கள். பெற்றுக்கொள்வது என்று முடிவு செய்திருப்பதாக அம்மாவிடம் சொன்னாயாம். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். அது உன் முடிவு, ஷங்கரின் முடிவு. சில விவரங்களை மட்டும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். பிறந்த அன்றே இதயத்தை ஸ்கேன் செய்யச் சொல். ரத்தத்தில் வெள்ளை அணுக்களை எண்ணச் சொல், அவை குறைந்தால் சாதாரணக் காய்ச்சலும் ஆபத்து. நிறைய நேரம் பட்டினியாக விடக் கூடாது. முழுக் குணம் தரும் மருந்து இல்லை. ஆனால் இதயத்தைத் தாங்கும் மருந்துகள் இருக்கின்றன, கவனித்து வளர்க்கப்பட்டவர்களில் பெரியவர்களாகி வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட குடும்பங்களின் சங்கம் ஒன்றின் முகவரியும் வைத்திருக்கிறேன்.

மன்னிப்பு என்ற வார்த்தையைப் போன கடிதத்தில் லேசாக எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. எதைக் கேட்கிறேன் என்று தெரிந்த பிறகு கேட்கும் துணிவு வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தாரணி


புக்கிட் பாஞ்சாங்
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அனுவுக்கும் ஷங்கருக்கும்,

குழந்தை ஒன்பதாம் தேதி பிறந்த செய்தியை அம்மா அங்கிருந்து அழைத்துச் சொன்னார். இரண்டு கிலோ அறுநூறு. பிறந்ததும் இதயம் பெரிதாகத் தெரிந்தது, அழுத்திச் சுருங்கவில்லை, உடனே மருந்து ஆரம்பித்துவிட்டார்கள் என்றார். நான்காம் நாள் மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள் என்றும், நேற்று நீ மடியில் வைத்துக்கொண்டாய் என்றும் சொன்னார். முன்பே தெரிந்திருந்ததால் ஐந்து நிமிடம்கூட வீணாகவில்லை என்று அங்கே இருக்கும் டாக்டர் சொன்னாராம். அம்மா அதை மூன்று முறை திருப்பிச் சொன்னார்.

நான் கேட்க ஆசைப்பட்டது அவன் யார் ஜாடை என்பதை. கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

மார்ச் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. ஏப்ரலில் ஒருநாள் அம்மாவிடம், "அக்கா எழுதினதப் படிச்சேன். நடந்தத சொன்னது நல்லது. ஆனா இப்ப பேச முடியாது, ரொம்பக் கோவம் வருது" என்று சொல்லச் சொன்னாயாம். அம்மா அதை என்னிடம் சொல்லத் தயங்கினார், அரைகுறையாக மாற்றிச் சொன்னார். பிறகு நானே வற்புறுத்தி முழுதும் கேட்டேன். அனு, அந்தக் கோபம் உனக்கு உரியது. அதை எத்தனை வருடம் வேண்டுமானாலும் வைத்துக்கொள். அவசரப்படாதே. உன்னைக் குற்றவாளியாக்கி நாங்கள் இத்தனை காலம் வாழ்ந்தோம். நீ கொஞ்ச காலம் எங்களைக் குற்றவாளிகளாக்கி வாழ்வதில் தப்பில்லை.

இங்கே ஒரு செய்தி. தோல் செல்கள் என்றென்றைக்கும் வளராது. சில பத்து முறை பிரிந்தபின் நின்றுவிடும். போன மாதம் யும்னா வந்து, நிதீஷுடையவை பிரிவதை நிறுத்திவிட்டன, மெல்ல மெல்லப் பரந்து தட்டையாகின்றன என்றாள். உறைநிலையில் இன்னும் இரண்டு குப்பிகள் இருக்கின்றன, அவற்றை என்ன செய்யட்டும் என்று கேட்டாள். அந்தக் கொழுப்பைத் தாங்கிப் பிடிக்கக் கூடிய மருந்துகளைச் சோதிப்பவர்கள் கேட்டிருக்கிறார்கள், கொடுக்கலாமா என்று மருத்துவமனையிலிருந்தும் கடிதம் வந்திருந்தது. நானும் அத்தானும் சேர்ந்து போய்க் கையெழுத்துப் போட்டோம். இந்த முறை என்ன எழுதியிருக்கிறது என்று முழுதும் படித்துவிட்டுப் போட்டோம். சூட்டுப் பெட்டியைக் கடைசியாக ஒரு முறை திறந்து பார்த்தேன். அத்தான் கதவருகிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. திரும்பும் வழியில் ரயிலில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநாள் ஆயிற்று அவர் அப்படி உட்கார்ந்து.

இப்போதும் வீட்டுக்குள் நுழையும்போது யாரோ மூச்சு வாங்குவதுபோல் கேட்கும். நிற்பேன். நடைபாதையின் காற்றாடிச் சத்தம்தான். அது போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. போக வேண்டும் என்றும் கேட்கவில்லை.

அத்தான் அடுத்த மாதத்திலிருந்து பகல் ஷிப்டு வாங்கியிருக்கிறார்.

நான் அங்கே வரப் போவதில்லை. பயப்படாதே. அம்மா இன்னும் மூன்று மாதம் உன்னோடு இருக்கட்டும். முட்டிக்குத் தைலம் பையின் உள்ளறையில் இருக்கிறது, அவருக்கு ஞாபகமில்லாமல் தேடுவார். நீ ஒழுங்காகச் சாப்பிடு. ராத்திரி அலாரம் வைத்துக் குழந்தைக்குப் பாலூட்ட வேண்டும் என்பதால் நீயும் ஷங்கரும் மாறி மாறித் தூங்குங்கள். சின்னச் சந்தேகம் வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சும்மா பயந்துகொண்டு வந்துவிட்டார்கள் என்று நர்சுகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

பெயர் வைத்ததும் அம்மாவிடம் சொல். எனக்கு அவர் சொல்வார்.

ஒன்று கேட்கிறேன். என்னைப் பற்றி அவனிடம் நீயாக எதுவும் சொல்ல வேண்டாம். படமும் காட்ட வேண்டாம். ஆனால் பேசத் தெரிந்த பிறகு, உனக்கு அக்கா தங்கை யாராவது உண்டா என்று அவனே ஒருநாள் கேட்டால், இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. பெரியம்மா ஒருத்தி இருக்கிறாள் என்று சொல். அதற்கு மேல் என்ன சொல்வது என்பதை அன்றைக்கு உன் மனம் எப்படியோ அப்படிச் செய்.

நூறாண்டு வாழ்க என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை, அது பேராசையாகத் தோன்றுகிறது. அவன் ஐந்தாவது பிறந்தநாளைப் பார்க்கட்டும். அதைக் கடந்ததும் ஆறாவது. பிறகு ஏழு. ஒவ்வொரு வருடமாக நான் இங்கிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவனுக்கு என் ஆசி.

பெரியம்மா
தாரணி